நாற்பத்தைந்தா, ஒன்பதா?

அன்புக்கும் பயத்துக்கும் உரிய அக்கா ஓபலுக்கு,

தங்கை வெர்னா எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். அங்கு நீயும் அத்தானும் அத்தானுடைய புது முழங்காலும் நலமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். பிழையிருந்தால் பொறுத்துக்கொள், எட்டாவதோடு கோழிப்பண்ணை வேலைக்குப் போனவள் நான்.

விடியற்காலையில் யாரோ பின்தாழ்வாரக் கதவை ஆட்டுகிறார்கள் என்று நான் போனில் அழுதபோது, "இந்த மாசக் கடைசிக்குள்ள துப்பாக்கி வாங்கு, இல்லேன்னா வீட்டை வித்துட்டு டல்சாவுக்கு வந்து சேரு" என்றாய். என் டெல்பர்ட் தன் கையால் கட்டிய வீடு அக்கா. அவர் போய்ச் சேர்ந்து ஏழு வாரம்தான் ஆகிறது, தொப்பி இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. அதை எடுத்துக்கொண்டு உன் கார் கொட்டகை மாடியறைக்கு வர எனக்கு மனசில்லை. அதனால் துப்பாக்கியே வாங்கிவிடலாமென்று கிளம்பினேன்.

பக்கத்துப் பண்ணை ராய்ஸ் துணைக்கு வந்தான். வழியெல்லாம் ஒரே பாட்டு. "நாப்பத்தஞ்சு காலிபர்தான் வெர்னாக்கா. குண்டு கட்டைவிரல் தண்டி இருக்கும், ஒண்ணு பட்டாப் போதும். இருபது வருசமா என் தலமாட்டுல அதுதான் கிடக்கு. ஒரு பய என் வாசலை மிதிச்சிருப்பானா?" தூண்டிலும் துப்பாக்கியும் விற்கும் கடைக்கார ஹார்லன் அதைக் கேட்டுச் சிரித்தார். "அதெல்லாம் உங்க தாத்தா காலம்டா. இப்ப ஒம்பது மில்லிமீட்டர்தான். உதை கம்மி, தோட்டா நிறையப் பிடிக்கும்." "உன் ஒம்பது காது குத்தத்தான் லாயக்கு!" "உன் நாப்பத்தஞ்சைச் சுட்டா இந்தம்மா தோள்பட்டை கழண்டு அடுத்த ஊர்ல போய் விழும்!" தூண்டில் புழு வாங்க வந்த ஒருவர் நடுவில் புகுந்து முப்பத்தெட்டு என்றார், இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு அவரைக் கடித்தார்கள். ஞானஸ்நானத்துக்குத் தலையில் தெளித்தால் போதுமா முழுக்கணுமா என்று நம் சபையும் மெத்தடிஸ்ட் சபைக்காரர்களும் போட்ட சண்டை இதற்கு முன் ஒன்றுமேயில்லை. கடைசியில் கடைக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சுடச் சொன்னார்கள். நாற்பத்தைந்தைச் சுட்டேன், கண்ணாடி மூக்கைவிட்டுப் போய்விட்டது, குண்டு எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. ஒன்பதில் மேல்பாகத்தைப் பின்னால் இழுக்க வேண்டுமாம், அசையவே இல்லை. எனக்கு ஊறுகாய் ஜாடி மூடியைக்கூட டெல்பர்ட்தான் திறந்து கொடுப்பார். அங்கேயே நின்று அழுதுவிட்டேன். அத்தனை ஆம்பளைகளும் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தரையைப் பார்த்தார்கள், சண்டையை மட்டும் தணிந்த குரலில் தொடர்ந்தார்கள்.

வெறுங்கையோடு வந்தேன். மறுநாள் விடியும்போது கதவு மறுபடி ஆடியது. இனி வீட்டை விற்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு, இரும்பு வாணலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறைக் கதவைத் திறந்தால், தாழ்வாரத்துக்குள்ளே ராய்ஸ் பெண்டாட்டி மார்லிஸ், நைட்டியும் ரப்பர் பூட்ஸுமாக, ஒரு கண்ணாடிப் பாத்திரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "அடிச்சிராதீங்கக்கா, நான்தான்!" டெல்பர்ட் சாவுக்கு ஊர்க்காரர்கள் சாப்பாடு கொண்டுவந்த பாத்திரங்கள் அக்கா! அடியில் டேப் ஒட்டிப் பேரெழுதிக் கொடுத்தது, மொத்தம் இருபத்து மூன்று. இரண்டு வாரத்தில் கழுவித் திருப்பியிருக்கணும். கழுவினால் அவர் போனது முடிவாகிவிடும்போல இருந்தது, அப்படியே பின்தாழ்வாரத்தில் அடுக்கிவிட்டேன்.

"ஏன்டி, முன்வாசல்ல வந்து கேக்கறதுக்கென்ன?"

"துக்க வீட்டுல போய்ப் பாத்திரத்தைக் குடுன்னு எந்த வாயால கேக்கறது? ஞாயித்துக்கிழமை சபை விருந்துக்கு வேற பாத்திரமில்ல. நான் மட்டுமாக்கா? போன வாரம் வந்தது போதகர் சம்சாரம். உங்க கைக்குத் துப்பாக்கி வர்றதுக்குள்ள எடுத்துரலாம்னுதான் ஓடி வந்தேன்."

ஏழு வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தேன் அக்கா. இரண்டு பேருமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கழுவி, மத்தியானத்துக்குள் வீடுவீடாகக் கொடுத்தும் விட்டோம். அப்புறம் கதவு ஆடவேயில்லை. துப்பாக்கியும் வேண்டாம், வீட்டையும் விற்க வேண்டாம். இந்தச் சின்ன ஊரில் பயப்பட ஒன்றுமில்லை, அடுத்தவர் பொருளை நாமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டால் போதும்.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. ஆண்டவர் உங்கள் கூரையையும் முழங்காலையும் காப்பாராக.

இப்படிக்கு,
நிம்மதியாகத் தூங்கப்போகும் தங்கை வெர்னா

பின்குறிப்பு: தபால்தலை தேடி டெல்பர்ட்டின் மேசை இழுப்பறையைத் திறந்தேன். பழைய துணிக்கடியில் ஒரு பெரிய துப்பாக்கி. நாற்பத்தைந்து என்று அதிலேயே செதுக்கியிருக்கிறது, உள்ளே தோட்டா இல்லை. பிடியில் டேப், அதில் அவருடைய கோணல் எழுத்து: "ராய்ஸுடையது. திருப்பிக் கொடுக்கணும்." தேதி நாலு வருசத்துக்கு முந்தியது. பாவம், அவனும் எந்த வாயால் கேட்பான்! டேப்பை உரித்து நான் வைத்துக்கொண்டேன். முன்வாசலில் போய்க் கொடுக்க வெட்கமாயிருக்கிறது, நாளை விடியும்போது அவன் பின்தாழ்வாரக் கதவை மெல்லத் திறந்து, துப்பாக்கியை உள்ளே வைத்துவிட்டு வந்துவிடுவேன். நீ பயப்படாதே. சுடுவதற்கு அவனிடம் துப்பாக்கி இல்லை.