மூணு பேரு மட்டும்தானா?

"இன்னையிலருந்து ஏழரை மணிக்கு இந்த வீட்டுல சீரியல் கிடையாது. ஜாஸ்தான்!"

அப்பா இப்படி அறிவிச்சப்ப அவர் கையில ஸ்பீக்கர் ஒயர் இருந்தது. எங்க வீட்டுல ஸ்பீக்கர் ஒண்ணுதான். டிவியோட சொந்தக் குரலை உப்புக்காத்து எப்பவோ தின்னுடுச்சு. ஒயரை டிவியில சொருகினா அம்மாவோட சீரியல். ரெக்கார்டு பிளேயர்ல சொருகினா அப்பாவோட ஜாஸ்.

அப்பா அசோகன், மரக்காணம் உப்பளத்துல பம்புசெட் ரிப்பேர் பண்றவர். ஆறு மாசம் முன்னாடி இடையஞ்சாவடியில ஒரு வெள்ளைக்காரர் ஊரைக் காலி பண்ணும்போது பிளேயரையும் நாலு பழைய ரெக்கார்டையும் இவர் தலையில கட்டிட்டார். நாலுலயும் மூணே பேர். பியானோ, பாஸ்ங்கிற ஆள் உயரத் தந்தி வாத்தியம், டிரம்ஸ்.

நான் பிளஸ் ஒன்னோட படிப்பை விட்டவ. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி பேச மாட்டேன். முதல்ல கடுப்பாத்தான் இருந்தது. பாட்டுன்னா யாராவது பாட வேணாமா? அப்பா அறிவிச்ச நாலாவது நாள் ஒழுங்கா கேட்டேன். டிரம்ஸ்காரர் அடிக்கவே இல்லை, கம்பி பிரஷ்ஷால தடவுறார். பாத்தியில உப்பு வாருற சத்தமேதான். பாஸ்காரர் பின்னாலயே நிதானமா நடந்து வர்றார். பியானோக்காரர் ஒரு இடத்துல சும்மா இருக்கார் பாருங்க, அந்தச் சும்மா இருக்கிறதுதான் அழகு. ஒருத்தர் பேச்சுல ஒருத்தர் குறுக்க விழறதே இல்லை. எங்க வீட்டுலயும் மூணு பேர்தான். ஒரு நாளும் அப்படி நடந்ததில்லை.

"ஏங்க, அந்த டொங்கு டொங்கை நிறுத்துங்க." சமையலுக்கு நடுவுல அம்மா குரல் குடுத்தாங்க.

"சூர்யகலா, இதைக் கேக்க காது வேணும்."

"எனக்கு ரெண்டு இருக்குது."

"அது தோடு மாட்ட. இதுக்கு ஞானம் வேணும். ஆறு மாசமா ஆராய்ச்சி பண்றேன் நானு!"

உடனே ஒரு திட்டம் போட்டார். பழகாத காதுக்கு பாஸ் தனியாப் பிடிபடாது. அம்மா ரெண்டு பேருன்னு சொல்லி மாட்டிக்குவாங்கன்னு அவர் கணக்கு.

"ரெக்கார்டுல ஒரு பக்கம் முழுசா கேளு. எத்தனை பேர் சத்தம் வருதுன்னு சொல்லு. சரியாச் சொன்னா ஏழரை மணிக்கு ஹால் உனக்கு, சமையல் எனக்கு. தப்பாச் சொன்னா சீரியலை மறந்துடு. அருளு, நீதான் சாட்சி."

அம்மா கேஸை அணைச்சிட்டு வந்து உட்கார்ந்தாங்க. கண்ணை மூடினாங்க. தூங்கிட்டாங்கன்னு அப்பா எனக்கு ஜாடை காட்டினார்.

அந்தப் பக்கம் முடிஞ்சது.

"வாசிக்கிறவங்க மூணு பேரு."

அப்பா முகம் சுருங்கிடுச்சு. அம்மா நிறுத்தலை.

"பியானோக்காரரு கூடவே முனகுறாரு. கச்சேரி கேக்க வந்தவங்கள்ல ஒரு பொம்பளை சிரிக்கிறா. பாஸ்காரரு தனியா வாசிக்கிற நேரமாப் பார்த்து எவனோ டங்குன்னு டம்ளர் வெக்கிறான். அறிவு கெட்டவன்."

"டம்ளரா? இதுலயா?"

"அதையே மறுபடி போடுங்க."

போட்டார். முனகல். சிரிப்பு. டங்! ஆராய்ச்சியாளர் காதைத் தேய்ச்சுக்கிட்டார். எந்த ஊர்லயோ, நான் பொறக்கறதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடி ஒருத்தன் டம்ளர் வெச்சது எங்க ஹால்ல கேக்குது!

"எப்படிம்மா?"

"பத்து வருஷமா சீரியலை அடுப்பங்கரையிலருந்து காதாலதானடி பார்க்கிறேன். எந்த மருமக நடந்து வர்றான்னு கொலுசுலயே சொல்லுவேன்."

அப்பா தோல்வியை ஒத்துக்கிட்டு ஒயரைப் பிடுங்கி டிவியில சொருகப் போனார்.

"அதை எதுக்குப் பிடுங்குறீங்க? இன்னொரு ரெக்கார்டு போடுங்க."

"அப்ப சீரியலு?"

அம்மா அவர் சேர்ல நல்லா சாய்ஞ்சுக்கிட்டாங்க.

"அது சமைச்சுக்கிட்டே கேக்கிறது. இது உக்காந்து கேக்கிறது. போங்க, போய் வெங்காயம் வெட்டுங்க."