காப்பிக்காடு

நிர்வாகக் கலையின் வரலாற்றை இனி இரண்டாகப் பிரித்தே எழுத வேண்டும்: எங்கள் குழுவுக்கு முன், எங்கள் குழுவுக்குப் பின். காட்டைக் காத்தவர்களை உலகம் நிறையவே பார்த்திருக்கிறது. காட்டுக்கு வைத்த பலகையைக் காத்தவர்களை இப்போதுதான் பார்க்கிறது.

'சருகுமலை நீர்வடிப்பகுதிச் சமூகக் காப்புக்காடு மேலாண்மைக் குழு' என்பது எங்கள் முழுப் பெயர். சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும் என்பதால், டீ வந்த பிறகு யாரும் அதைச் சொல்வதில்லை. தலைவர் சுருளிராஜன். கௌரவச் செயலாளர் அடியேன். போடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு மேலே நிற்கிற சருகுமலைதான் எங்கள் பொறுப்பு. மழைத் தண்ணீரை அந்தக் காடு பிடித்து வைத்துக்கொண்டு, கோடையிலும் ஓடையில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தது. எந்த அனுமதியும் பெறாமல் ஒரு காடு இப்படித் தன்னிச்சையாக நடந்துகொள்ளலாமா? ஒழுங்குபடுத்தத்தான் நாங்கள் வந்தோம்.

முதல் நடவடிக்கையாகப் பலகை வைத்தோம். ரிப்பன் வெட்டினோம். துணியை விலக்கியதும் பச்சைத் தகட்டில் வெள்ளை எழுத்துகள் பளிச்சிட்டன: 'சமூகக் காப்பிக்காடு'.

எழுதியவர் ஓவியர் கிங்ஸ்லி. போடி பஜாரில் காப்பித்தூள் கடைகளுக்கே எழுதிப் பழகிய கை அது. 'காப்' என்று ஆரம்பித்துவிட்டால் 'பி'யில்தான் போய் நிற்கும்.

கைதட்டல் அடங்குவதற்குள் ஒரு குரல் கேட்டது. செலின். ஓடைக்கரையில் முதல் தோட்டம் அவருடையது. திராட்சைப் பந்தல் போட்டிருந்தார். ஓடை ஓடினால்தான் அவர் கிணற்றில் தண்ணீர்.

"ஏண்ணே, காப்புக்காட்டைப் போயிக் காப்பிக்காடுன்னு எழுதிருக்காக! மேல இருக்குற கொக்கியை அழிச்சுட்டு, கீழ ஒரு இழுப்பு இழுத்தா 'பு' ஆயிரும். பெயிண்ட் டப்பாவைக் குடுங்க, நானே ஏறித் திருத்துறேன்."

தலைவர் எங்கள் திட்ட ஆலோசகர் தமிழ்மாறனைப் பார்த்தார். சென்னையிலிருந்து வந்திருந்த தமிழ்மாறன் தம் செல்போனைப் பார்த்தார்.

"முடியாதுங்க மேடம். போட்டோ 'அப்லோட்' ஆயிடுச்சு. சிஸ்டம் ஏத்துக்கிச்சு. இனிமே இது காப்பிக்காடு."

"தம்பி, அங்கன நல்லாப் பாருங்க. நிக்கிறதெல்லாம் உசிலை மரமும் வேங்கை மரமும். ஒரு காப்பிச்செடி கண்ணுல படுதா?"

"அதுதாங்க பிரச்சினை. ஆய்வுக்கு வரும்போது பலகை ஒண்ணு சொல்லி, காடு ஒண்ணு சொன்னா 'முரண்பாடு'ன்னு எழுதிடுவாங்க. ரெண்டுல ஒண்ணைத் திருத்தியே ஆகணும்."

அன்று மாலையே அவசரக் கூட்டம். விதிமுறைகளை வரிவரியாக அலசினோம். திறந்து வைத்த பலகையைத் திருத்த விதியில் இடமே இல்லை. காட்டைத் திருத்தத் தாராளமாக இடம் இருந்தது. தமிழ் வளமான மொழி. எழுத்தைத் திருத்தினால் பிழை போகும். காட்டைத் திருத்தினால் மரம் போகும். எது போனால் என்ன, திருத்தம் திருத்தம்தானே?

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. செலின் வாசலில் நின்று எதிர்த்தார். அவர் உறுப்பினர் இல்லை என்பதால் ஏகமனதுக்குப் பங்கம் வரவில்லை.

"மரத்தை எடுத்தா ஓடை நின்னுபோகும்ணே. அப்புறம் என் கெணறு? பந்தலே கருகிரும்!"

"பதறாத செலினு. மரத்துக்குப் பதிலாத்தான் காப்பிச்செடி வருதுல்ல?" என்றார் தலைவர்.

"இங்கன அடிக்கிற வெயில்ல காப்பி வருமாக்கும்? அது உசர மலையில, மர நெழல்ல வளர்றதுல்ல?"

"பலகையில உயரம் போடலையே மேடம்" என்றார் தமிழ்மாறன். அறிவு என்றால் அப்படி ஓர் அறிவு!

வெட்டிய மரங்களை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. தலைவருக்குத் தேனியில் மர மில் இருந்தது தெய்வச் செயல். இட நெருக்கடியையும் பொருட்படுத்தாமல், அத்தனை மரங்களையும் தம் மில்லிலேயே வைத்துக்கொள்ள முன்வந்தார். பொதுச்சேவைக்கு ஓர் அளவே கிடையாதா என்று எழுந்து நின்று கைதட்டினோம்.

செலின் சும்மா இருக்கமாட்டார் என்பதையும் குழு முன்கூட்டியே கணித்தது. காட்டுக்கு அதுவரை காவலர் கிடையாது. பலகைக்கு ஒருவரை நியமித்தோம். பெயர் சுருளியாண்டி. எதிர்பார்த்தபடியே செலின் ஏணியும் பெயிண்ட் டப்பாவுமாக வந்து சேர்ந்தார்.

"மாமா, செத்த அந்தப் பக்கம் திரும்பிக்கிருங்க."

"ஆத்தா, பலகையைத் தொட்டா என் வேலை போயிரும்."

"ஒமக்குப் பின்னால மரம் விழுகுற சத்தம் கேக்கலையா?"

"கேக்குதுத்தா. அது என் டூட்டி இல்ல. பலகை விழுந்தாச் சொல்லு."

கடமையுணர்ச்சிக்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா?

காடு திருந்தியது. காப்பிக்கன்றுகள் வரிசையாக நின்றன. மழை வழக்கம்போல் பெய்தது. ஆனால் தண்ணீர் முன்போல மலையில் சோம்பிக் கிடக்கவில்லை. பெய்த அன்றைக்கே மண்ணையும் துணைக்கு அழைத்துக்கொண்டு இறங்கி ஓடிவிட்டது. 'நீர் வடிதல்: மிக விரைவு' என்று அறிக்கையில் குறித்தேன். கோடையில் ஓடை ஓய்வெடுத்தது. செலின் கிணற்றில் வாளி போட்டால் 'ணங்' என்றது. காய்ப்புக்கு வந்த திராட்சை பந்தலிலேயே வற்றி உலர்திராட்சை ஆனது. அதை 'மதிப்புக்கூட்டல்' என்ற தலைப்பில் சேர்த்தோம். காப்பிக்கன்றுகளும் காய்ந்து குச்சியாயின. ஆனால் குச்சிகள் ஒன்றுகூட வரிசை தவறவில்லை.

ஆய்வுக்கு அதிகாரி வந்தார். பலகையைப் பார்த்தார். குச்சிகளைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார்.

"பொருந்துகிறது" என்றார்.

நாங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டோம். தமிழ்மாறன் செல்பி எடுத்தார். வெயிலில் களைத்திருந்த அதிகாரி, "காப்பிக்காட்டுக்கு வந்துட்டு ஒரு காப்பிகூடச் சாப்பிடாமப் போறதா?" என்று சிரித்தார். நியாயமான கோரிக்கை. பக்கத்தில் இருந்தது செலின் வீடுதான். தலைவரே உரிமையோடு குரல் கொடுத்தார்.

செலின் மறுக்கவில்லை. தட்டில் டம்ளர்களை அடுக்கிக் கொண்டுவந்து மரியாதையாக நீட்டினார். அதிகாரி எடுத்து உள்ளே பார்த்தார். அடியில் காப்பித்தூள். அதன்மேல் சீனி. அவ்வளவுதான்.

"தண்ணீர் எங்கேம்மா?"

"மரத்துக்கடியிலதான் சார் இருந்துச்சு" என்றார் செலின். "மரமெல்லாம் எங்க தலைவரண்ணன் மில்லுல அடுக்கிக் கெடக்கு. போற வழிதான். ரெண்டு தடியைப் பிழிஞ்சு ஊத்திக்கிருங்க."