ஊர் காட்டும் மாரென்

விருந்தாளிக்கு ஊர் காட்டியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்ட ஓர் இனம் எல்லா நாட்டிலும் உண்டு. எங்கள் ஹாம்பர்க் நகரத்தில் அது வசந்தகாலத்தில் வெளியே வரும். பள்ளிக்கூடங்கள் மாணவர் பரிமாற்றம் என்று சொல்லி, வெளிநாட்டுப் பிள்ளைகளை வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுக்கிற காலம் அது. மற்ற நாட்களில் இந்த இனம் உங்களையும் என்னையும் போலத்தான் இருக்கும். அடையாளமே தெரியாது.

மாரெனைப் பாருங்கள். ஹாம்பர்க்கிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் கடைசியாகத் துறைமுகத்துப் பக்கம் போனது, மகன் ஹென்னிங் தள்ளுவண்டியில் கிடந்தபோது. ராத்திரிச் சாப்பாடு என்றால் அந்த வீட்டில் ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி. கணவன் யென்ஸ் டி.வி. முன்னால், ஹென்னிங் தன் அறையில், மாரென் சமையல் மேடை ஓரத்தில். ஆனால் நார்வேயில் ஏதோ ஒரு தீவிலிருந்து சிக்னே என்ற பெண் இரண்டு வாரம் தங்க வந்தாளோ இல்லையோ, மேசைக்கு விரிப்பு வந்தது, மெழுகுவர்த்தி வந்தது, ஆவி பறக்கும் சாப்பாடு வந்தது, குடும்பமே வந்து உட்கார்ந்தது.

"அம்மா, நாம தினமும் இப்படியா சாப்பிடறோம்?" என்றான் ஹென்னிங்.

"இப்படித்தாண்டா சாப்பிடறோம்" என்றாள் மாரென், மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தபடி.

எதற்கு இந்தப் பாடு? காரணம் இருக்கிறது. கடைசி நாளன்று பள்ளிக்கூடத்தில் வழியனுப்பு விழா. விருந்தாளிப் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து, இந்த ஊரில் தனக்கு எது ரொம்பப் பிடித்தது என்று எல்லாப் பெற்றோர் முன்னாலும் சொல்ல வேண்டும். போன வருஷம் எதிர்வீட்டு ஊட்டேயிடம் தங்கிய பையன் பேசும்போது அழுதேவிட்டான். அந்தக் கண்ணீரைப் பற்றி ஊட்டே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள். மாரெனுக்கு இந்த வருஷம் அதைவிடப் பெரிய கண்ணீர் வேண்டும். அவ்வளவுதான்.

ஆகவே காட்டினாள். நகரமன்றத்தைக் காட்டினாள், தேவாலயக் கோபுரத்தில் மூச்சிரைக்க ஏற்றிக் காட்டினாள், தூறல் விழுந்தால் இதுதான் எங்கள் மழை என்று காட்டினாள், குப்பைத் தொட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து எந்தக் குப்பைக்கு எந்த நிறம் என்று காட்டினாள், ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் அந்தப் பெண்ணை உலுக்கி எழுப்பி மீன் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போய், "இங்க பாரும்மா, இதான் காட் மீன். கடல்ல பிடிக்கிறது" என்றும் காட்டினாள்.

சிக்னேயின் அப்பா ஓட்டுவது மீன்பிடிப் படகு. ஆனால் சிக்னே நல்ல பெண்.

"ஓ, அப்படியா?" என்றாள்.

ஒரே ஒரு முறைதான் அவள் வாய்திறந்து கேட்டாள். "மாரென், நானும் ஹென்னிங்கும் சும்மா மெட்ரோல ஒரு சுத்து போய்ட்டு வரட்டுமா? எங்க தீவுல ரயிலே கிடையாது."

"சும்மாவா? அப்போ வழியில வர்றதை எல்லாம் உனக்கு யாரு சொல்லுவா?"

இப்படிச் சொல்லிச் சொல்லியே இரண்டாவது வாரம் புதன்கிழமை மாரெனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காய்ச்சலும் வந்தது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. யென்ஸ் மிகவும் வருத்தப்பட்டான். அப்படித்தான் சொல்லிக்கொண்டான்.

பிள்ளைகள் இரண்டும் மெட்ரோவுக்கு ஓடின. திரும்பி வந்தபோது அடுப்பு பற்றவைக்க ஆளில்லை. போர்வைக்குள் படுத்திருந்த மாரெனின் காதில், குளிர்சாதனப் பெட்டி திறக்கும் சத்தம் விழுந்தது. பிறகு பேச்சு.

"தட்டு எங்கடா?"

"தட்டு எதுக்குப்பா? கையில வாங்கிக்கோ."

"யென்ஸ், உங்க சாக்ஸ்ல ஓட்டை! கட்டைவிரல் எட்டிப் பாக்குது."

"அதுவும் ஊர் பாக்க வந்திருக்கு. விடும்மா."

சிக்னே சிரித்தாள். வீடே அதிரும்படி சிரித்தாள். வந்த நாள் முதலாய் அந்தப் பெண் அப்படிச் சிரித்து மாரென் கேட்டதில்லை. 'பாவம், நான் இல்லாமல் சமாளிக்கிறார்கள்' என்று நினைத்துக்கொண்டு புரண்டு படுத்தாள்.

விழா வந்தது. சிக்னே எழுந்தாள்.

"எனக்கு ரொம்பப் பிடிச்சது புதன்கிழமை. மெட்ரோல கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போனோம். அங்க ஒண்ணுமே இல்ல, ஒரு பஸ் ஸ்டாப்பும் ஒரு நாயும்தான். அப்புறம் சமையலறையில நின்னுக்கிட்டே ரொட்டி சாப்பிட்டோம். யாரும் எதையும் காட்டல. அன்னைக்குத்தான், இவ்வளவு பெரிய ஊர்ல எனக்கும் ஒரு வீடு இருக்குன்னு..."

மேலே பேச முடியவில்லை. கண் நிறைந்து வழிந்தது.

மாரென் ஏங்கிய அதே கண்ணீர். அவள் எழுந்து வராத ஒரே ராத்திரிக்காக வந்த கண்ணீர்.

தட்டப்போன கைகள் அந்தரத்தில் நின்றன. ஊட்டே மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். ஒரு கணம் மாரெனுக்கு விஷயம் புரிந்துவிடும்போல் இருந்தது. நல்லவேளை, தப்பித்தாள்.

"என் ஏற்பாடுதான்" என்றாள், மிச்சமிருந்த பாதிக் குரலில். "கொஞ்சம் இயல்பா இருக்கட்டுமேன்னு."

அடுத்த வருஷமும் வந்தாயிற்று. இப்போது பிரான்சிலிருந்து பப்திஸ்த் என்ற பையன் வந்திருக்கிறான். புதன்கிழமை சாயங்காலம் குடும்பம் மொத்தமும் சமையலறையில் நிற்கிறது. அந்தப் பையன் அலுப்பில் நாற்காலியைத் தொட்டால், "உட்காராதப்பா, நின்னு சாப்பிடு! அதான் இயல்பு!" என்று மாரென் பதறுகிறாள். யென்ஸின் சாக்ஸில் கத்தரிக்கோலால் வெட்டிய ஓட்டை. "விரலை இன்னும் கொஞ்சம் வெளிய விடு, யென்ஸ்." ஹென்னிங் சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரிக்கிறான்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் அந்த இனமே இல்லைதான். உங்கள் கண்ணாடி அலமாரியில் பூப்போட்ட தட்டுகள் பளபளவென்று நிற்கின்றனவே, அவற்றில் உங்கள் வீட்டு ஆள் யாராவது என்றைக்காவது சாப்பிட்டதுண்டா என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்கவும் நேரமில்லை. உங்கள் வாசலில் அழைப்புமணி அடிக்கிறது. அந்த நாற்காலியில் குவிந்திருக்கும் துணியை, சட்டென்று எந்த அறைக்குள் தள்ளப் போகிறீர்கள்?