உங்கள் பகுதியில் கிடைக்காத அம்மா

வீட்டில் ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் குடும்பத் தலைவர் என்று நம்பிக்கொண்டிருந்த அப்பாவிகளில் நானும் ஒருவன். இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எங்கள் சர்ச் சபை மக்கள் முப்பது பேர் முன்னிலையில், அந்தப் பதவி என்னைவிட்டுப் போனது. யாரும் பறிக்கவில்லை. நானே பட்டனை அமுக்கித் தொலைத்தேன்.

எங்கள் வீடு புனேயில், கட்கியில் இருக்கிறது. அப்பா இங்குள்ள வெடிமருந்துத் தொழிற்சாலையில் காலமெல்லாம் உழைத்து ஓய்வுபெற்றவர். ஊர் பாளையங்கோட்டை. ஐம்பது வருடம் மராத்திக்காரர்கள் நடுவில் வாழ்ந்தும் அவருடைய பேச்சு தாமிரபரணித் தண்ணீரில் நேற்று குளித்துவிட்டு வந்ததுபோலவே இருக்கும். என் மகள் ஜெனி பேசுவது எந்த மொழி என்று அவளுக்கே நிச்சயமில்லை. நான் இருவருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்துக்கொண்டே வயதானவன்.

அப்பாவுக்குக் கண்ணில் அழுத்த நோய். இடது கண் முன்பே போய்விட்டது. வலது கண்ணில் நடுவில் மட்டும் ஒரு சாவித் துவாரம் அளவுக்குப் பார்வை மிச்சமிருந்தது. ஆபரேஷன் செய்தால் அதைக் காப்பாற்ற முயலலாம், ஆனால் இவ்வளவு முற்றிய நிலையில் அதுவும் போய்விடக்கூடும், செய்யாவிட்டால் எப்படியும் போகும் என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன், திங்கட்கிழமை காலையிலேயே வந்து சேர்ந்துவிட வேண்டும் என்று முடிவானது. வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஏல, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னால ஒங்கம்மைய ஒரு தடவ பாத்துரணும்."

நான் அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். (அம்மா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.)

"அந்தச் சினிமாப் படத்துலதாம்ல" என்றார் அப்பா. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்தப் படத்தின் கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அம்மாவுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது பாளையங்கோட்டையில் அவர் படித்த பெண்கள் பள்ளியில் ஒரு சினிமா எடுத்தார்கள். டீச்சராக வரும் கதாநாயகி வாசலில் நடந்து வருவாள். மாணவிகள் வரிசையாக நின்று பாடுவார்கள். அந்த வரிசைகளில் அம்மாவும் நின்றார். விஷயம் தெரிந்து, சபை உபதேசியாராக இருந்த அவருடைய அப்பா ஒரு வாரம் மகளிடம் பேசவில்லையாம். நான்கு வருடம் கழித்து அப்பாவுக்குப் பெண் தேடியபோது, பெண்வீட்டில் போட்டோ இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அப்பாவின் சித்திக்குச் சினிமா ரகசியம் தெரியும். படம் மறுபடியும் ஒரு டூரிங் தியேட்டரில் ஓடியதால் அப்பாவை அங்கே அழைத்துப்போய், திரையைக் காட்டி, "அந்தா நிக்கா பாரு, அந்தப் பிள்ளதான்" என்றார். அப்பா பெண் பார்த்தது அப்படித்தான். அடுத்த இரண்டு நாளும் தனியாகப் போய் இன்னும் இரண்டு தடவை பார்த்தார். அதற்குப் பிறகு அந்தப் படம் எங்கேயும் வரவில்லை. டிவியில் போடவில்லை, கேசட்டாக வரவில்லை. அக்காவும் நானும் பார்த்ததே இல்லை.

"எத்தனாவது வரிசப்பா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஞாபகம் இல்ல. கேமரா நவுந்துட்டே போவும். அவ வந்தா எனக்குத் தெரிஞ்சிரும்."

இனி என் வீரப் பிரதாபம். எங்கள் வீட்டில் அப்போது நான்கு வீடியோ சந்தாக்கள் இருந்தன. நான்கையும் தேர்ந்தெடுத்தவன் நான், நான்கின் பாஸ்வேர்டையும் தெரிந்த ஒரே ஜீவன் நான். (என் மனைவி மெர்சி செய்தி பார்க்க வேண்டுமென்றால்கூட நான் ஆபீசிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். அதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், சொல்லவே வெட்கமாக இருக்கிறது.) நான்கிலும் தேடினேன். அம்மாவின் படம் எதிலும் இல்லை. கட்கியில் உட்கார்ந்து தேடினால் எல்லா ஆப்பும் என்னை மராத்திக்காரன் என்றே முடிவுகட்டி, மாமியார் மருமகள் நாடகங்களாக நீட்டியது.

டொரன்டோவில் இருக்கும் ஸ்டெல்லா அக்காவிடம் சொன்னேன். பத்து நிமிடத்தில் அவளிடமிருந்து ஃபோன் வந்தது.

"ஏல தம்பி, இங்க வருதுல! பழைய தமிழ்ப் படம்னு தனியா ஒரு வரிசையே இருக்கு."

அதே கம்பெனி, அதே ஆப். படத்தின் உரிமையை நாடு நாடாகப் பிரித்து விற்றிருக்கிறார்கள். இந்திய உரிமை மட்டும் தயாரிப்பாளரின் வாரிசுகளுக்குள் ஏதோ இழுபறியாம். பாளையங்கோட்டையில் எடுத்த படத்தைப் பனிக்குள் உட்கார்ந்து பார்க்கலாம், பாளையங்கோட்டையில் பார்க்க முடியாது. கட்கிக்காரன் எங்கே கேட்பது?

"நான் எங்க டிவில ஓடவிட்டு அந்த சீன மட்டும் ஃபோன்ல எடுத்து இப்பமே அனுப்புதேன். அப்பாகிட்ட பெரிசா போட்டுக் காட்டு" என்றாள் அக்கா.

அன்றைக்கே சரி என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது. விட்டேனா?

"டிவிய ஃபோன்ல எடுத்தா கேவலமா இருக்கும்க்கா. நீ ஒன்னும் பண்ண வேண்டாம். படத்தயும் ஓடவிடாத, நாம எல்லாரும் ஒன்னா பாக்கலாம். பாஸ்வேர்ட மட்டும் குடு, மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

நாம் இருக்கும் நாட்டை மாற்றிக் காட்டுகிற ஒரு ஆப்பை இறக்கினேன். கட்கியில் இருந்துகொண்டே கனடாவில் இருப்பதாகப் பொய் சொல்லும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் இலவசம். தொடங்கிவிட்டால் இடையில் நிறுத்தி வைக்க முடியாது. காசு கட்டினால் நாள் முழுக்க ஓடும், ஆனால் அம்மா வரும் காட்சி இருபதாவது நிமிடத்துக்குள் வந்துவிடும் என்று அப்பா சொல்லியிருந்ததால் ஒரு மணி நேரம் தாராளம் என்று கணக்குப் போட்டேன். சனிக்கிழமை போட்டுப் பார்த்தேன். படத்தின் பெயர் திரையில் வந்ததும் நிறுத்திவிட்டேன். அம்மாவை அப்பாவோடு சேர்ந்துதான் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை.

இத்தோடு நின்றிருந்தாலும் பிழைத்திருப்பேன். எங்கள் சபையில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் முந்தின ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து ஜெபம் செய்வது வழக்கம். அந்தக் கூட்டத்தையும் படத்தையும் ஒன்றாக வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. முதலில் ஜெபம், அப்புறம் சினிமா, அப்புறம் சாயாவும், பன்னுக்குள் வடை வைத்த வடாபாவும். ஞாயிற்றுக்கிழமை சினிமாவா என்று இரண்டு பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். போதகர்தான், "அம்மாவப் பாக்கத்தான, தப்பில்ல. நான் ஜெபம் பண்ணிட்டுத் தொடங்கி வைக்கேன்" என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

நான்கு மணிக்குப் போதகரின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. நான் ஆப்பைத் தொடங்கினேன்.

"டாடி, ப்ரேயர் முடிஞ்சப்புறம் ஆன் கரோ நா" என்றாள் ஜெனி.

"நீ சும்மா இரு. எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கும்போது அது சுத்திக்கிட்டே நின்னா அசிங்கம்" என்றேன். ஜெபத்துக்குப் பத்து நிமிடம், மிஞ்சிப்போனால் பதினைந்து. பிறந்ததிலிருந்து சபைக்குப் போகிறவன் போடுகிற கணக்கா அது?

முதல் பாட்டுக்கு ஏழு சரணம். எங்கள் பெரியவர்களுக்குச் சரணம் விட்டுப் பாடுவது பாவம். பிறகு வேத வாசிப்பு. குருடருக்குப் பார்வை கிடைத்த பகுதி, அதற்கு ஒரு சின்ன விளக்கம். பிறகு "யாராவது ரெண்டு பேர் ஜெபிக்கலாம்" என்றார் போதகர். ஐந்து பேர் ஜெபித்தார்கள். ஐந்து பேரும் டாக்டருக்காகவும் நர்சுகளுக்காகவும் ஆஸ்பத்திரி லிஃப்டுக்காகவும் தனித்தனியாக ஜெபித்தார்கள். நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்ற கண்ணால் ஃபோனைப் பார்த்தேன். இருபத்தாறு நிமிடம்தான் மிச்சம். இனி போதகர் தொடங்க வேண்டும்.

அவர் கனடாவிலிருந்து தொடங்கினார். அக்கா குடும்பம், அந்தத் தேசத்தின் பிரதமர், அங்கே பனியில் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோரையும் நினைவுகூர்ந்தார். அங்கிருந்து கடல் கடந்து மெல்ல இந்தியாவுக்கு வந்து, மகாராஷ்டிராவில் கொஞ்சம் தங்கி, கட்கிக்கு வந்தபோது பதினான்கு நிமிடம்தான் இருந்தது. நான் இரண்டு தடவை சத்தமாக "ஆமென்" சொல்லிப் பார்த்தேன். என் விசுவாசத்தைக் கண்டு அவர் இன்னும் உற்சாகமானார்.

முடிந்தபோது மிச்சம் ஒன்பது நிமிடம்.

"ஃபார்வர்ட் கரோ டாடி!" என்று ஜெனி காதில் கிசுகிசுத்தாள். நான் ரிமோட்டைத் தூக்கினேன்.

"மொதல்லேருந்து போடுல" என்றார் அப்பா. டிவிக்கு இரண்டடி தூரத்தில் நாற்காலி போட்டு, வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி உட்கார்ந்திருந்தார். "பேர் போடுறதுலேருந்து பாக்கணும். அன்னைக்கும் அப்படித்தான் பாத்தேன்."

ஒன்பது நிமிடம்தான் இருக்கிறதப்பா என்று சொல்லியிருக்கலாம். முப்பது பேர் முன்னால் என் கணக்கு தப்பாகிவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மை அவ்வளவுதான். பெயர்கள் ஓடின. அந்தக் காலத்துப் படம், டீக்கடைக்காரர் வரை பெயர் போட்டார்கள். யாரும் திரையைக் கவனிக்காத நேரமாகப் பார்த்து, பட்டனை விட்டு விட்டு அமுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் படத்தைத் தள்ளினேன். ஒரு வழியாகப் பள்ளிக்கூடத்தின் மணி அடித்தது. கதாநாயகி வாசலில் கால் வைத்தாள். தூரத்தில் பெண்பிள்ளைகள் பாடும் சத்தம் கேட்டது.

அப்பா இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு முன்னால் சாய்ந்தார். "இப்ப வருவா" என்றார்.

திரை கறுப்பானது. இந்தப் படம் உங்கள் பகுதியில் கிடைக்காது என்று எழுத்து வந்தது.

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். பதற்றத்தில் வெளியேறி, திரும்ப நுழைந்து, பாஸ்வேர்டைத் தப்பாக அடித்து, மறுபடி அடித்து, இப்போதுதான் காசு கட்டி நாட்டை மாற்றி, ஐந்தாவது தடவை முயன்றபோது யாரோ திருடன் புகுந்துவிட்டான் என்று நினைத்து அந்தக் கம்பெனி அக்காவின் கணக்கையே மூன்று நாளைக்குப் பூட்டிவிட்டது. உடனே ஃபோன் அடித்தது. அவசரத்தில் ஸ்பீக்கரில் போட்டுத் தொலைத்தேன்.

"ஏ மூதேவி, என்னல பண்ணித் தொலச்ச? இங்க பிள்ளைங்க பாத்துக்கிட்டு இருந்த கார்ட்டூன் நின்னுபோச்சு! கணக்கையே பூட்டிட்டான்!"

போதகர் தொண்டையைச் செருமினார். டிவி தன்பாட்டுக்கு, இந்தப் பகுதிக்கு ஏற்றது என்று இந்தியில் டப் செய்த ஒரு சண்டைப் படத்தை ஓட்ட ஆரம்பித்தது. சாயா வந்துவிட்டது. வந்தவர்கள் எழுந்துபோக முடியாமல் வடாபாவைக் கடித்துக்கொண்டு அதைப் பார்த்தார்கள். யாரோ யாரையோ லாரிமேல் தூக்கி எறிந்தார்கள். அப்பாவும் முதுகு வளையாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போன பிறகு அவர் காலடியில் உட்கார்ந்தேன். "தப்பு பண்ணிட்டேன்ப்பா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"பரவால்லடே" என்றார். "ஆபரேஷன் முடிஞ்சி வந்து பாத்துக்கிடலாம்."

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் அவருக்குத் தெரிந்தது. நாட்கள் போயும் அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் முன்னாலேயே சொன்னதுதான். யாரைக் குறை சொல்ல? என்னைத் தவிர.

கட்டைப் பிரித்த அன்றே அக்காவின் கணக்கும் திறந்துவிட்டது. நான் கேவலமாக இருக்கும் என்று சொன்ன அதே வீடியோவை அவள் ஃபோனில் எடுத்து அனுப்பினாள். பளிச்சென்று இருந்தது. பதினோரு வினாடி. மூன்று வரிசையில் நாற்பது பெண்கள். எல்லோருக்கும் வெள்ளைத் தாவணி, எல்லோருக்கும் இரட்டைச் சடை. எங்களிடம் இருக்கும் அம்மாவின் மிகப் பழைய போட்டோ கல்யாணப் போட்டோ, அதில் குனிந்த தலை நிமிரவில்லை. அதற்குப் பிந்தியவற்றில் எல்லாம் சோடாபுட்டிக் கண்ணாடி. அக்கா ஃபோனில், "எதுல அம்மா?" என்று கேட்டாள். நானும் அதைத்தான் கேட்கலாம் என்று இருந்தேன். நாற்பது பேரில் யார் அம்மா என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள் பக்கத்துக் கட்டிலில் கண்ணில் மருந்தோடு படுத்திருந்தார்.

இன்றுவரை எங்களுக்குள் முடிவாகவில்லை. நான் இரண்டாவது வரிசையில், வலது ஓரத்தில் நிற்பவள் என்கிறேன். அக்கா முதல் வரிசை என்று அடித்துச் சொல்கிறாள். ஜெனி காட்டுகிற பெண் எனக்குக் கதாநாயகியின் தங்கைபோலத் தெரிகிறாள். சண்டை வந்தால் அக்கா, "போல, ஒங்கம்மைகிட்ட போய்ச் சொல்லு, ரெண்டாவது வரிசையில நிக்கா" என்பாள். போதகர்கூட எங்கள் வீட்டில் ஜெபம் தொடங்குமுன், "ஒரு மணி நேர மெஷின் ஏதும் ஓடுதா தம்பி?" என்று கேட்டுச் சிரிக்கிறார். நானும் சிரிக்கிறேன், வேறு என்ன செய்ய?

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போய்வந்ததும் அப்பா அந்த வீடியோவைப் போடச் சொல்வார். பாட்டு கேட்கும். "அம்மா வந்துட்டாளா?" என்பார். நான் என் இரண்டாவது வரிசைப் பெண்ணைப் பார்த்து, சிரிக்கிறாள், இந்தப் பக்கம் பார்க்கிறாள், சடையில் ரிப்பன் கட்டியிருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே வருவேன். போன மாதம் ஒரு நாள் என் பெண்மேல் எனக்கே சந்தேகம் வந்து, அக்கா காட்டியவளைப் பார்த்துச் சொல்லித்தொலைத்தேன்.

"ரிப்பன் கருப்பா?" என்றார் அப்பா. "போன வாரம் வெள்ளைன்னு சொன்னியே?"

பதினோரு வினாடி முடிந்து வீடியோ நின்றுபோனது.

"ஒனக்குத் தெரியலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்ல" என்றார். "யாரையாவது பாத்துச் சொல்லு. சொல்லாம மட்டும் இருக்காத. திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டேன். மூன்றாவது வரிசையில், இதுவரை எங்களில் யாரும் அம்மா என்று காட்டியிராத ஒரு ஒல்லிப் பெண்ணைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தேன்.