பதினோராம் கேள்வி

“அப்படி என்னதான் எழுதிக் குடுத்த?” என்று கேட்டான் கணவன் வெண்டல்.

ஆர்டிஸ் கிம்மல் தலைநகரிலிருந்து வந்த கடிதத்தை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிம அட்டை கேட்டு விண்ணப்பித்திருந்தாள். பதினோராம் கேள்விக்கு அவள் எழுதிய பதிலால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாம். வேண்டுமானால் மேல்முறையீடு செய்யலாமாம்.

“பதினொண்ணுல என்ன கேட்டிருந்தான்?”

“கடந்த அஞ்சு வருஷத்துல மனநல மருத்துவமனையில இருந்தீங்களான்னு.”

“நீ என்ன போட்ட?”

“ஆமான்னு போட்டேன். இருந்தேன் இல்ல?”

வெண்டல் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான். “அட கடவுளே! நீ அங்க சமையல் பண்ணவ!”

“அதை அவன் கேக்கலையே. பொய் சொன்னா ஜெயில்னு கீழயே போட்டிருக்கான்.”

ஊருக்கு வெளியே சோளக்காடுகளுக்கு நடுவில் இருந்த அந்த மருத்துவமனையின் சமையலறையை இருபத்திரண்டு வருடம் ஆண்டவள் ஆர்டிஸ். இரண்டு வருடத்துக்கு முன்பு மருத்துவமனையை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருந்தவளைத் தேடி ஒருநாள் லவோன் வந்தாள். வானத்தில் வீசும் மண்தட்டுகளைச் சுடும் போட்டிக்கு ஊர்ப் பெண்கள் அணி ஒன்று உண்டு. அதற்கு அவள்தான் தலைவி. அணிக்கு நாலு பேர் வேண்டும். நாலாவது பெண் ஃபுளோரிடாவுக்குக் குடிபோய்விட்டாள்.

“சின்ன வயசுல உங்கப்பா பண்ணையில பத்துக்கு ஒன்பது அடிப்பியாமே? ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை மாவட்டப் போட்டி. எங்களுக்கு நீ வேணும்.”

சாப்பாட்டைத் தவிர வேறு ஒன்றுக்காக ஆர்டிஸை ஒருவர் தேடி வந்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கே விண்ணப்பத்தை வாங்கி வந்தாள்.

இப்போது விட்டுவிட முடியுமா? உட்கார்ந்து விளக்கக் கடிதம் எழுதினாள். ‘நான் அங்கே இருந்தது உண்மை. ஆனால் ஒரு இரவுகூடத் தங்கியதில்லை. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன்.’

“சமையல்காரின்னு எழுதினியா?”

“அது எதுக்கு? என்னைத் தெரியாதவங்க அங்க யாரு?”

மூன்று வாரத்தில் பதில் வந்தது. வெளிநோயாளிகளுக்கும் அதே விதிதானாம்.

அடுத்து, அரிசோனாவில் ஓய்வில் இருந்த பழைய தலைமை மருத்துவர் ஹால்விக்கிடம் நற்சான்று கேட்டாள். எண்பத்துநாலு வயதுக்காரர். உருகி எழுதியிருந்தார்.

‘ஆர்டிஸ் இருபத்திரண்டு ஆண்டுகள் எங்களோடு இருந்தார். அவரை வெளியே அனுப்ப எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை. கையில் கத்தி இருக்கும்போது மட்டும் அவர் பக்கத்தில் போகக்கூடாது என்பதை எல்லோரும் சீக்கிரமே கற்றுக்கொண்டோம்.’

ஆர்டிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை அப்படியே உறையில் போட்டு அனுப்பினாள்.

மனைவி படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் வெண்டலும் அவளுக்குத் தெரியாமல் ஒரு கடிதம் போட்டான். ‘வீட்டுக்கு வந்த முதல் ஆறு மாதம்தான் கஷ்டமாக இருந்தது. இருநூறு பேருக்குச் சமைத்து வைத்துவிட்டு, எல்லோரும் எங்கே என்று என்னைக் கேட்பாள். இப்போது எவ்வளவோ பரவாயில்லை.’

இந்த முறை பத்தே நாளில் பதில். நேரில் விசாரணைக்கு வர வேண்டும். துணைக்கு ஆள் அவசியம்.

அதற்குள் ஆர்டிஸின் மனநிலையைத் தலைநகரில் விசாரிக்கிறார்களாம் என்று ஊரில் பேச்சு பரவி, தெரிந்தவர்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கடையில் ஆர்டிஸ் காய் நறுக்கும் கத்தி ஒன்று கேட்டாள். கடைக்காரன் ஃபெரிஸ் அதை நாலு சுற்று காகிதத்தில் சுற்றி, ஒட்டுநாடா போட்டு, வெண்டல் கையில் கொடுத்தான். தேவாலய விருந்தில் அவள் சுட்டுக் கொண்டுபோன கேக்கை, கத்தியை அவளிடம் தராமல், அவளுக்கே யாரோ துண்டு போட்டுத் தந்தார்கள். எதிரணித் தலைவி மாக்சின் அவள் தோளைத் தடவி, “நீ ஒண்ணும் கவலைப்படாத கண்ணு. வேடிக்கை பாக்க வா, உனக்கு நிழல்ல நாற்காலி போடச் சொல்றேன்” என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஆர்டிஸ் நாட்காட்டியில் விசாரணைத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டாள்.

போட்டிக்கு மூன்று நாள் முன்னால் விசாரணை. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் தலைவர் லைல் ஹெட்ரிக். நரைத்த தலை, குனிந்தே இருந்தார். வலப்பக்கம் இருந்தவர் குறிப்பெடுத்தார். கேள்விகளையெல்லாம் கேட்டது இடப்பக்கம் இருந்த திருமதி ட்ராஸ்க்.

“சமையல் வேலை பாத்ததா சொல்றீங்க. மூணு கடிதத்துல ஒண்ணுலகூட அது இல்லையே?”

“அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், அம்மா.”

“எங்களுக்குத் தெரியாது. ஆதாரம்?”

“மருத்துவமனையை மூடிட்டாங்க. ரெகார்டெல்லாம் எங்கயோ பெட்டியில கிடக்கு. தேடி எடுக்க ஆறு மாசம் ஆகுமாம்.”

“அப்போ ஆறு மாசம் கழிச்சு வாங்க.”

ஆர்டிஸ் எழுந்து நின்றாள். வெண்டல் அவள் கைப்பையை இழுத்துப் பார்த்தான், அவள் உட்காரவில்லை.

“வியாழக்கிழமை மீட்லோஃப். இருநூத்து நாப்பது பேர். தொண்ணூறு பவுண்டு கொத்துக்கறி, அஞ்சு டஜன் முட்டை, பதினஞ்சு பவுண்டு வெங்காயம். பன்னெண்டு தட்டுல அடுப்புல ஏத்துவேன், தட்டுக்கு இருபது துண்டு. வடக்கு வார்டுல மெல்ல முடியாதவங்க இருந்தாங்க, அவங்களுக்குத் தனியா மசிக்கணும். மேற்கு வார்டுல கத்தி குடுக்க மாட்டாங்க. அதனால எல்லாத்தையும் நானே சின்னதா வெட்டி அனுப்புவேன். சாப்பிடாம ஒரு தட்டு திரும்பி வந்தா, அது யாரோடதுன்னு கேட்டு வச்சுக்கிட்டு மறுநாள் வேற ஏதாவது செஞ்சு பாப்பேன். நான் அவங்க முகத்தைப் பாத்ததில்ல. தட்டைத்தான் பாத்தேன்.” மூச்சு வாங்கினாள். “அங்க இருந்தேன்னு எழுதினதுக்கு நான் வெக்கப்படல. அங்க இருந்தவங்க யாரும் வெக்கப்பட வேண்டியதில்ல.”

தலைவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“பிரமாதமாத்தான் சொல்றீங்க,” என்றாள் ட்ராஸ்க். “இதெல்லாம் உண்மைன்னு யாருக்குத் தெரியும்?”

“எல்லாம் சரியாத்தான் இருக்கு,” என்றார் தலைவர். அன்றைக்கு அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. “மனு ஏற்கப்பட்டதுன்னு எழுதுங்க.”

ட்ராஸ்க் எதையோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார். அட்டை மறுநாளே தயாரானது.

சனிக்கிழமை மாவட்டத் திடலில் ஊரே கூடியிருந்தது. மாக்சினின் அணி ஆட்டத்தை முடித்துவிட்டு எலுமிச்சைச் சாற்றோடு நின்றது. கடைசியாகச் சுட வேண்டியவள் ஆர்டிஸ். இருபத்தைந்தில் இருபத்துமூன்று விழுந்தால் கோப்பை லவோனுக்கு.

ஆர்டிஸ் துப்பாக்கியைத் தோளில் பதித்தாள். “விடு!” என்றாள். தட்டு வானத்தில் பொடியானது. அடுத்தது பொடியானது. அதற்கடுத்ததும். பன்னிரண்டாவது தட்டு ஒன்றுதான் தப்பிப் போய்ப் புல்லில் விழுந்தது. கடைசித் தட்டு உடைந்தபோது இருபத்துநாலு ஆகியிருந்தது. லவோன் அலறிக்கொண்டு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். ஃபெரிஸ் தொப்பியைக் கழற்றி வீசினான். மாக்சின் வந்து கைகொடுத்தாள். ‘கண்ணு’ என்ற வார்த்தை இப்போது அவள் வாயில் வரவில்லை.

கூட்டம் கொஞ்சம் கலைந்த பிறகு, வேலியோரம் நின்றிருந்த நரைத்த தலைக்காரர் ஒருவர் மெல்ல நடந்து வந்தார். லைல் ஹெட்ரிக்.

“வாங்க சார்!” என்றாள் ஆர்டிஸ். “உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு கையில ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாம நின்னேன். என்னை எப்படி நம்பினீங்க?”

ஹெட்ரிக் தொப்பியை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டார்.

“இதுல நம்பறதுக்கு என்ன இருக்கும்மா? மேற்கு வார்டு, பதினாலாம் நம்பர் படுக்கை. நாலு மாசம் உங்க தட்டை வழிச்சு வழிச்சு சாப்பிட்டவன் நான்.”