வாலை நறுக்கிய வார்த்தை

தைஸ்தோவின் கடைவாய்ப் பல் உடைந்தபோது வீட்டில் வருத்தப்பட்டது அவர் மனைவி ரௌஹா மட்டும்தான். தைஸ்தோவுக்கு உள்ளூரச் சந்தோஷம். வலியில் உயிர் போயிற்று. காபி குடிக்க முடியவில்லை. காபி குடிக்காத ஃபின்லாந்துக்காரனை யாரும் உயிரோடு இருப்பவனாகவே மதிப்பதில்லை. ஆனாலும் சந்தோஷம். உடைந்த பல்லின் ஓட்டை வழியாக அவருக்கு ஒரு படகு மோட்டார் தெரிந்தது.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடலாம். அவர்கள் மொழியில் தைஸ்தோ என்றால் போர், ரௌஹா என்றால் சமாதானம். பேர் வைத்தவர்கள் அவசரத்தில் ஆள் மாற்றி வைத்துவிட்டார்கள். நாற்பத்தோரு வருஷத் தாம்பத்தியத்தில் போர் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. சமாதானம் தோற்றதே இல்லை.

இனி மோட்டார். ஏரிக்கரையில் அவர்களுக்குக் கோடைக்கு ஒரு மரக்குடில் உண்டு, ஒரு படகும் உண்டு. பக்கத்துக் குடில்காரர் கௌகோ போன வருஷம் தன் படகுக்கு மோட்டார் மாட்டினார். தினமும் சாயங்காலம் தைஸ்தோ குடில் முன்னால் மூன்று சுற்று சுற்றிக் கையை வேறு ஆட்டுவார். காகித ஆலையில் முப்பத்தெட்டு வருஷம் மேற்பார்வை பார்த்த மனிதர் இதையெல்லாம் எத்தனை நாள் பொறுப்பார்?

"நாமும் ஒண்ணு வாங்கிடலாம், ரௌஹா."

"எதுக்கு? அந்த ஆள் மோட்டார் சத்தத்துல ஏரி மீனெல்லாம் ஏற்கனவே செவிடாயிடுச்சு. உனக்கு ரெண்டு கை இருக்கு. ரெண்டு துடுப்பு இருக்கு. போதாதா?"

கைகளை ஒன்றும் செய்வதற்கில்லை. துடுப்புகளைச் செய்யலாம். ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் தைஸ்தோ இரண்டையும் துண்டு போட்டு, நீராவிக் குளியலுக்கான சவுனா அடுப்பில் வைத்தார். நன்றாகவே எரிந்தன. "விறகுன்னு நினைச்சுட்டேன்" என்றார். துடுப்பில்லாத படகுக்கு மோட்டாரை விட்டால் வேறு கதி ஏது? ரௌஹா அடுப்பை எட்டிப் பார்த்துவிட்டுப் பின்னலுக்குத் திரும்பினாள். அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டதுதான் தைஸ்தோ செய்த முதல் தப்பு.

அப்போதுதான் காய்ந்த கறுப்பு ரொட்டியைக் கடித்துப் பல் போயிற்று. லோஹ்யா ஊர் அரசு ஆஸ்பத்திரியில் அக்டோபரில் வரச் சொன்னார்கள். அது மே மாதம். தனியார் டாக்டர் ஒரு தொகை சொன்னார். அதைக் கேட்ட அதிர்ச்சியில் மீதிப் பல்லும் ஆடியது. வேறென்ன, கப்பல் ஏறி, எதிர்க்கரையில் எஸ்தோனியாவின் தலைநகர் தாலினுக்குப் போக வேண்டியதுதான். ஊரில் பாதிப் பேர் வாயில் இருப்பது தாலின் பல்தான். ரௌஹா தங்கையிடம் விசாரித்து, செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு ஒரு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள். ரூட் கெனால், கேப், எல்லாம் ஒரே நாளில். அறுநூறு யூரோ.

பல்லுக்கென்று ரௌஹா காபி டப்பாவில் சேர்த்து வைத்திருந்தது எழுநூறு.

"பல்லுக்கு ஆனது போக மிச்சம்?" என்றார் தைஸ்தோ, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"மிச்சம் படகுக்கு."

"வாக்கு?"

"வாக்கு."

தைஸ்தோ கை குலுக்கியே முடித்துவிட்டார். தாலின் துறைமுகத்துக்குப் பக்கத்தில் படகுச் சாமான் கடை ஒன்றில் நாலு கை மாறிய மோட்டார் முந்நூறுக்கு நின்றுகொண்டிருந்தது. ஆக, நானூறுக்கு ஒரு டாக்டர் கிடைத்தால் போதும். உடனே கௌகோவுக்குப் போன் போட்டார்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு உன் டிரெய்லரோட வா. மோட்டார் வருது. தூக்க ஆள் வேணும்."

கப்பலில் ரௌஹா பின்னல் ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தைஸ்தோ வீங்கிய கன்னத்தோடு திட்டத்தை விளக்கினார்.

"துறைமுகத்துக்கிட்ட நம்ம பாஷையில போர்டு மாட்டியிருக்கான் பாரு, அவன்கிட்டயெல்லாம் விலையும் நம்ம ஊர் விலைதான். சந்துக்குள்ள போகணும். அவங்க பாஷையிலேயே கேக்கணும். அப்பதான் சொந்தக்காரன் விலை சொல்வான்."

"அவங்க பாஷை உனக்குத் தெரியுமா?"

"அதுல தெரிஞ்சுக்க என்ன இருக்கு? நம்ம பாஷையோட வாலை நறுக்கினா அவங்க பாஷை. இதைப் படிக்கன்னு நீ ரெண்டு குளிர்காலம் புதன்கிழமை வகுப்புக்குப் போனே பாரு, எனக்குச் சிரிப்பா வருது."

"வகுப்புல பன் நல்லா இருக்கும்," என்றாள் ரௌஹா.

"மலிவுக்கு நாம என்ன சொல்றோம்? ஹல்பா. வாலை நறுக்கு. ஹல்ப்! அவ்வளவுதான். அப்படி ஒரு வார்த்தை அங்க இருக்கா, இல்லையா? நீதான் படிச்சவளாச்சே, சொல்லு."

ரௌஹாவின் ஊசிகள் ஒரு நொடி நின்றன.

"இருக்கு," என்றாள். "தினமும் புழங்கற வார்த்தைதான்."

"பாத்தியா!"

"பாத்தேன். ஆனா ரெண்டு மணிக்குள்ள உனக்கு டாக்டர் கிடைக்கலேன்னா என் டாக்டர். சரியா?"

"பதினோரு மணிக்கே வேலை முடிஞ்சுடும். நீ போய் ஏதாவது நூல் கடை பாரு," என்று தைஸ்தோ பெரிய மனதோடு அனுமதி கொடுத்தார்.

ஹல்பா. மலிவுக்கு அவர்கள் வைத்திருக்கும் வார்த்தை நம் காதில் அல்பம் என்று விழுந்தால், தைஸ்தோவைப் பொறுத்தவரை காதின் மேல் குற்றமில்லை.

முதல் சந்து, முதல் பல் மருத்துவமனை. மேஜைக்குப் பின்னால் சிரித்த முகமாக ஒரு சின்னப் பெண். தைஸ்தோ நெஞ்சை நிமிர்த்தி, "எனக்கு. ஹல்ப் டாக்டர். வேணும்," என்றார்.

பெண்ணின் சிரிப்பு நின்றது. "இங்க அப்படி யாரும் இல்லையே," என்றாள்.

"ஒருத்தர்கூட?"

"ஒருத்தர்கூட!" இப்போது அவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

பகட்டான இடம், பணக்காரர்களுக்கு மட்டும் போலிருக்கிறது என்று தைஸ்தோ வெளியே வந்தார். இரண்டாவது இடத்தில் டாக்டரே எதிரில் வந்தார். தைஸ்தோ அவர் மார்பை நோக்கி விரல் நீட்டி, "நீங்க ஹல்பா?" என்று அன்போடு கேட்டார். டாக்டர் முகம் சிவந்தது. தைஸ்தோவின் கையைப் பிடித்துச் சுவரருகே இழுத்துப் போய், கண்ணாடி போட்டு மாட்டிய சான்றிதழ்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். ஏழு சான்றிதழ். இத்தனை படித்தவன் மலிவாக எப்படிச் செய்வான், பாவம். தைஸ்தோ அனுதாபத்தோடு அவர் தோளைத் தட்டி, "புரியுது, நீங்க ஹல்ப் இல்லை," என்று சொல்லி விடைபெற்றார். மூன்றாவது இடத்தில் கதவையே சாத்திவிட்டார்கள்.

மணி பன்னிரண்டரை. பல் வலி தலை வரை குத்தியது. ஒரு நிமிஷம், அறுநூறோ ஆயிரமோ கொடுத்துத் தொலைக்கலாம் என்றுகூடத் தோன்றிவிட்டது. பிறகு கௌகோ கையை ஆட்டுவது ஞாபகம் வந்தது. நடையைக் கட்டினார்.

சந்தையில் ஊறுகாய் வெள்ளரிக்காய் விற்கிற ஆள் ஒருவன். தைஸ்தோ கன்னத்தைக் காட்டினார். "டாக்டர். ஹல்ப். எங்கே?"

ஊறுகாய்க்காரன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இந்தக் கேள்விக்காகவே பல வருஷம் காத்திருந்தவன் போல வாயை அகலத் திறந்தான். இந்தப் பக்கம் மூன்று பல் இல்லை. அந்தப் பக்கம் இரண்டு இல்லை. ஒவ்வொரு ஓட்டையாக விரலை வைத்து, "ஹல்ப்! ஹல்ப்! ஹல்ப்!" என்று கத்தினான். பிறகு வெள்ளரிக்காய் சுற்றுகிற காகிதத்தில் விலாசம் எழுதிக் கொடுத்தான்.

ஐந்து பல் பிடுங்கியும் ஒரு மனிதன் இப்படிப் புகழ்கிறான் என்றால், எவ்வளவு மலிவாக இருக்க வேண்டும்! தைஸ்தோ ஏறக்குறைய ஓடினார்.

பழைய மரவீடு. காத்திருக்கும் அறையில் ஒரு ஈ, காக்கை இல்லை. வாடகை குறைவு, ஆள் செலவு கிடையாது, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று தைஸ்தோவின் மேற்பார்வைக் கண் குறித்துக்கொண்டது. உள்ளேயிருந்து எண்பது வயது டாக்டர் ஒருவர் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்தார்.

"ஹல்ப் டாக்டர்?" என்றார் தைஸ்தோ, நம்பிக்கையோடு.

கிழவர் அவரை நெடுநேரம் பார்த்தார். கையைத் தன் நெஞ்சில் வைத்து, நானா என்று கேட்பது போல, "ஹல்ப்?" என்றார்.

தைஸ்தோ உற்சாகமாகத் தலையாட்டினார். வெள்ளரிக்காய்க் காகிதத்தையும் சாட்சிக்குக் காட்டினார்.

கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெருமூச்சு விட்டார். மெதுவாகத் தலையை ஆட்டி, "ஹல்ப்," என்று ஒப்புக்கொண்டார். பிறகு பத்து விரலையும் நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கின.

பத்தா? நூறா? தைஸ்தோவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவசரமாக நாற்காலியில் ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்தார். கிழவருக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் தைஸ்தோவை நாற்காலியிலிருந்து மெல்ல எழுப்பி, ஒரு சீட்டில் நிறைய எழுதி, கீழே ஒரு விலாசமும் எழுதி, சுவரில் தொங்கிய தன் மகளின் படத்தைக் காட்டி, கையில் கொடுத்து அனுப்பினார்.

மலிவு டாக்டரின் மகள்! சிபாரிசுக் கடிதத்தோடு! இனி நானூறு எதற்கு, இருநூறே போதும். மிச்சத்தில் மோட்டாருக்கு உறை வாங்கலாம், தலைக்கு மாலுமித் தொப்பி வாங்கலாம். தைஸ்தோ விலாசத்தைத் தேடிப் படியேறிக் கதவைத் திறந்தார்.

உள்ளே ரௌஹா பின்னிக்கொண்டிருந்தாள்.

"மணி ரெண்டு அடிக்குது," என்றாள். "நேரத்துக்கு வந்துட்டியே. போய் உக்காரு."

ரௌஹா நேரம் வாங்கியிருந்த டாக்டர்தான் கிழவரின் மகள், பேர் மாரிகா. அவருக்குத் தைஸ்தோவின் மொழி தண்ணீர்பட்ட பாடு. ஊசி போட்டு, வாய்க்குள் முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்துவிட்டு, அப்பாவின் சீட்டை எடுத்து, அவருக்குப் புரியும்படியே படித்தார்.

"'மகளே, இந்த மனுஷர் வலியில புத்தி தடுமாறி இருக்கார். ஊர்லயே மோசமான டாக்டர் வேணும்னு கேட்டுக்கிட்டு வந்தார். சந்தையில என் பேரைச் சொல்லியிருக்காங்க. சரியாத்தான் சொல்லியிருக்காங்க. ஆனா என் கை நடுங்குது. நீ பாத்துக்கோ.'"

"ஆ?" என்றார் தைஸ்தோ. முட்டுக் கொடுத்த வாயில் வேறெதுவும் வராது.

"எங்க பாஷையில ஹல்ப்னா மோசம். மலிவுக்கு ஒதவ்."

"ஆ! ஆ!"

"ஒதவ்னு கேட்டிருந்தா ஒதவியிருக்கும்," என்றாள் ரௌஹா ஊசியை நிறுத்தாமல்.

"இப்படி நிறைய இருக்கு," என்றார் டாக்டர், துளை போட்டுக்கொண்டே. "நீங்க சிக்கலுக்கு ஒரு வார்த்தை சொல்றீங்களே, எங்க ஊர்ல அதுக்கு அர்த்தம் கல்யாணம்."

"அது மட்டும் ரெண்டு பாஷையிலயும் ஒண்ணுதான்," என்றாள் ரௌஹா.

பெண்கள் இருவரும் சிரித்தார்கள். பிறகு எஸ்தோனிய மொழியில் மளமளவென்று பேசிக்கொண்டார்கள். புதன்கிழமை வகுப்பில் பன் மட்டும் கொடுக்கவில்லை என்பது தைஸ்தோவுக்கு அப்போதுதான் உறைத்தது. பேச்சு நடுவில் ஒதவ் என்ற சொல் ஒருமுறை வந்தது. பில் ஐந்நூற்றைம்பதாகக் குறைந்தது.

தெருவுக்கு வந்ததும் தைஸ்தோ மரத்த வாயோடு வெடித்தார்.

"ஏங் முன்னாடியே தொல்லலே?"

"அப்படி ஒரு வார்த்தை இருக்கான்னு கேட்டே. இருக்குன்னேன். அதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டியா?"

கேட்கவில்லை. ஆனால் தோல்வியை ஒரேயடியாக ஒப்புக்கொள்கிற ரகம் இல்லை அவர்.

"நூத்தம்பது மித்தம் இருக்கு. மித்தம் படகுக்குன்னு வாக்குக் கொடுத்தே."

"கொடுத்தேன். அங்கதான் போறோம்."

நிஜமாகவே படகுச் சாமான் கடைக்குத்தான் கூட்டிப் போனாள். வாசலிலேயே அந்த மோட்டார் நின்றது. ரௌஹா கடைக்காரனிடம் எஸ்தோனிய மொழியில் பேச ஆரம்பித்தாள். ஒதவ், ஒதவ் என்று இரண்டு தடவை தெளிவாகக் கேட்டது. கடைக்காரன் தலையைச் சொறிந்தான். முந்நூறை நூற்றைம்பது ஆக்குகிறாள் என்று தைஸ்தோ மோட்டாரைத் தடவிக் கொடுத்தார். நாற்பத்தோரு வருஷத்தில் இவளை இப்படி நேசித்ததில்லை. மரத்த வாயால் முத்தம் கொடுக்க முடியுமா என்றுகூட யோசித்தார்.

கடைக்காரன் உள்ளே போனான். திரும்பி வந்தபோது கையில் இரண்டு துடுப்புகள். நீளமானவை, புது வார்னிஷ் மணக்கிறவை.

"சவுனா அடுப்புக்குள்ள நுழையாத நீளம்," என்றாள் ரௌஹா. "அளந்துதான் கேட்டேன்."

கப்பலில் எல்லோரும் தாலினில் மலிவாக வாங்கிய பீர் பெட்டிகளை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். தைஸ்தோ மட்டும் இரண்டு துடுப்புகளோடு நின்றார். கப்பல் மேல் நம்பிக்கை இல்லையா என்று மூன்று பேர் கேட்டார்கள். அவர் துடுப்புகளை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார். வாய் அப்போதுதான் வலிக்க ஆரம்பித்திருந்தது.

லோஹ்யா பஸ் ஸ்டாண்டில் வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. கௌகோ டிரெய்லரைச் சுத்தமாகக் கழுவி, கயிறு, போர்வை எல்லாம் போட்டுத் தயாராக நின்றார். ரௌஹா முதலில் இறங்கினாள்.

"எங்கே மோட்டார்?" என்றார் கௌகோ, கையைத் தேய்த்துக்கொண்டு.

ரௌஹா பஸ் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இதோ, துடுப்பைத் தோள்ல போட்டுக்கிட்டு இறங்கி வருது பாருங்க."