விமானத்துக்கு அளவெடுத்தவர்

விமானம் ஓட்டியவர்கள் உண்டு, விமானத்திலிருந்து குதித்தவர்கள் உண்டு. இஞ்சு டேப்பை எடுத்துக்கொண்டு போய் விமானத்துக்கு அளவெடுத்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். திண்டிவனத்து ரெக்கை டெய்லர்.

எண்பதுகளின் நடுவில் நான் விழுப்புரத்தில் நிருபர். திண்டிவனத்தில் பாதர் ஒருவர் நடத்திய பள்ளியின் மைதானத்தில், யுத்த காலத்துப் பயிற்சி விமானம் ஒன்று நின்றது. பறந்து ஓய்ந்த பிறகு, பிள்ளைகள் பார்க்கட்டும் என்று யாரோ கொடுத்தது. மரச்சட்டத்தின் மேல் துணியை இழுத்துத் தைத்த இறக்கைகள், மேலே இரண்டு, கீழே இரண்டு. துணி நைந்து விலா எலும்பு தெரிந்தது. பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட பாதர் முடிவு செய்தார்.

டெய்லர் குறுக்கே வந்தார். "துணிதானே பாதர் கிழிஞ்சிருக்குது? ஆளு நல்லாத்தான் கீறாரு."

ஆண்டு விழாவுக்குள் தைத்து முடித்தால் விமானம் பிழைக்கும். இல்லையென்றால் இரும்புக் கடைக்காரர் சம்மட்டியோடு வருவார். அதுதான் பேச்சு.

டெய்லர் தன் அளவு நோட்டில் எழுதினார்: 'பெயர்: ஏரோப்ளேன். கை: நாலு. காலர்: வேண்டாம்.'

பழைய துணியில் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணி, அதே கணக்கில் கையாலேயே தைத்தார். மெஷினில் ஓட்டினால் சீக்கிரம் முடியுமே என்றேன்.

"அன்னிக்கித் தெச்சவன் கையால தெச்சிருக்கான் சார். நம்ப இஷ்டத்துக்கு மாத்தினா இது வேற ப்ளேன் ஆயிடும்."

பக்கத்து ஊரான பிரம்மதேசத்து மாப்பிள்ளை ஒருவர் மைதானத்துக்கே வந்துவிட்டார். "நாளன்னிக்கு ரிசப்ஷன்யா! என் சட்டைக்கு ஒரு கைதான் வெச்சிருக்க. இதுக்கு நாலு கை தெச்சிக்கினு கீற!"

"கோச்சிக்காத மாப்ள. மேல கோட்டு போட்டுக்கினா எவனுக்குத் தெரியும்?"

இறக்கைத் துணி விறைக்க ஏதோ மருந்து பூச வேண்டுமாம். திண்டிவனத்தில் அது கிடைக்காது. வேட்டிக்குப் போடுவதுபோல அரிசிக் கஞ்சி காய்ச்சிப் பூசினார். காய்ந்ததும் தட்டினால் தவில்போலக் கேட்டது.

ஆண்டு விழாவன்று காலையில் போய்ப் பார்த்தால், கீழ் இறக்கை இரண்டையும் ஆடுகள் தின்று முடித்து, மேல் இறக்கையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன.

இரும்புக் கடைக்காரர் வந்து தோளிலிருந்த சம்மட்டியை இறக்கி வைத்தார். "ஆரம்பிச்சுடலாமா பாதர்?"

டெய்லர் சட்டத்தில் தொங்கிய நூலை விரலில் சுற்றி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு மெல்ல, "ரெண்டே நாளு குடுங்க பாதர், முடிச்சிடறேன்" என்றார்.

பாதருடைய வெள்ளை அங்கி ஈஸ்டரிலிருந்து அவர் கடையில் 'ரெண்டே நாளில்' தயாராகிக்கொண்டிருந்தது. பாதர் கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு நாள் கேக்கறாரு. அது வரைக்கும் பொறுங்க."

கடைக்காரரும் அவரிடம் துணி கொடுத்து வைத்திருந்தவர்தான். சம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

விமானம் அங்கேயே நின்றது. துணியை அவரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த மூன்று தீபாவளிக்கும் நான் பழைய சட்டைதான் போட்டேன். வேறு டெய்லரிடம் கொடுக்க மனம் வரவில்லை.